அம்மா ஒரு துளி இரத்தம் குடுக்கலாமோ?

அரியாலைக்காரி:

கனகாலமா இஞ்சை வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான். எழுதுறது இதுதான் முதல் தரம். பிழையிருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ.

எங்கட அண்ணை 1996 ஓகஸ்டில ஒரு நாள் காலமை சைக்கிளில வெளிக்கிட்டவர். அவரும் திரும்பி வரேல்லை, சைக்கிளும் வரேல்லை. அப்ப அவருக்கு 22 வயசு. அம்மாவுக்கு இப்ப 76.

2025 ஓகஸ்ட் 5, செம்மணி சித்துப்பாத்திப் புதைகுழியில தோண்டியெடுத்த உடுப்புகளையும் சாமான்களையும் கோட்டு உத்தரவில சனத்துக்குக் காட்டினவை. அம்மாவை ஓட்டோவில கூட்டிக்கொண்டு போனன். மண் நிறமாப் போயிருந்த ஒவ்வொரு துணிக்கு முன்னாலையும் நிண்டு நிண்டு பாத்தா. திரும்பி வரேக்க ஒரு கதையுமில்லை. இரவு சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைச்சிட்டு, "இத்தினை வருசத்துக்கு முந்தின சேட்டுத் துணியை நான் என்னெண்டு மட்டுக்கட்டுறது? என்ர இரத்தத்தை எடுத்துப் பாக்கச் சொல்லு" எண்டா. அண்டையிலயிருந்து இதே கதைதான்.

தம்பி சுவிஸில. அவனுக்குச் சொன்னன், துள்ளிக் குதிச்சான். "அக்கா, அம்மாவின்ர இரத்தம் எண்டா அது என்ர இரத்தமும்தான், உன்ர பிள்ளையளின்ர இரத்தமும்தான். இப்ப கண்ணையும் விரலையும் எடுத்து டிஜிட்டல் ஐடி குடுக்கப்போறாங்கள். அடுத்ததா நாடு முழுக்க டி.என்.ஏ எண்டு வருவாங்கள். அதுக்கு நீங்கள் போய் முதல் ஆளா நிண்டு குடுக்கப்போறியளோ?"

அம்மா அண்டு முழுக்க அவனோட கதைக்கேல்லை. அவன் சொல்லுறதிலையும் ஏதோ இருக்கு எண்டுதான் எனக்குப் படுது. விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

---

நேர்கோடு:

அக்கா, இதில யோசிக்க என்ன கிடக்கு? குடுங்கோ.

டேட்டாபேஸ் எண்ட சொல்லைக் கேட்டாலே எங்கட ஆக்கள் பேயைக் கண்ட மாதிரி நிக்கினம். களவெடுக்காதவனுக்கு என்ன பயம்? 2015 இல கொட்டதெனியாவில ஒரு சின்னப் பிள்ளையைக் கொலை செய்த கேஸ் ஞாபகமிருக்கோ? முதல்ல ஒரு பள்ளிக்கூடப் பெடியனைப் பிடிச்சு அடிச்சவை எண்டு பெரிய பிரச்சினை. டி.என்.ஏ பொருந்தேல்லை, விட்டிட்டினம். பிறகு ஒருத்தன் தானே செய்தது எண்டு ஒப்புக்கொண்டவன். அவனுக்கும் பொருந்தேல்லை. கடைசியாப் பொருந்தினது அவன்ர சகோதரனுக்கு. டி.என்.ஏ இல்லாட்டி அந்தப் பெடியன்ர கதி என்ன?

சுனாமிக்குப் பிறகு கல்முனை ஆஸ்பத்திரியில 81 எண்டு நம்பர் போட்ட குழந்தை? அந்தத் தாய் தகப்பனுக்குப் பிள்ளையைத் திருப்பிக் குடுத்தது 2005 பெப்ரவரியில வந்த டி.என்.ஏ றிப்போட். நாட்டுக்கு முழுசா ஒண்டு இருந்தா எவ்வளவு கேஸ் முடியும். நான் எண்டா நாளைக்கே போய்க் குடுப்பன்.

---

கொக்குவில் கிழவன்:

தம்பி நேர்கோடு, உமக்கு என்ன வயசு? 2011 தை மாசம் ஆமி வீடு வீடா வந்து பதிஞ்சது உமக்குத் தெரியாதெண்டு நினைக்கிறன். சண்டை முடிஞ்சு ஒண்டரை வருசத்துக்குப் பிறகு. எங்களையும் முத்தத்தில வரிசையா நிக்கவிட்டுப் படம் எடுத்தவை. வீட்டில அஞ்சு பேர், படத்திலையும் அஞ்சு பேர். உங்கட பாதுகாப்புக்கு எண்டுதான் சொன்னவை.

தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எம்பிமார் உயர்நீதிமன்றத்துக்குப் போன பிறகு, நிறுத்துறம் எண்டு கோட்டில சொல்லிச்சினம். பதிவு நிண்டது, சரி. எடுத்த படம் எங்கை போனது? அடுத்த வருசம் மகன் கட்டாருக்குப் போட்டான். அதுக்குப் பிறகு வந்தவை கையில படத்தை வைச்சுக்கொண்டு சிங்களத்தில விரலால எண்ணிச்சினம். எக்காய், தெக்காய், துனாய், ஹத்தறாய். படத்தில அஞ்சு, வீட்டில நாலு. மற்றவன் எங்கை? அவன்ர பாஸ்போட் கொப்பியை அலுமாரியின்ர மேல்தட்டிலையே வைச்சிருந்தனான். காட்டிக் காட்டி மடிப்புக் கிழிஞ்சு, பிறகு டேப் ஒட்டி வைச்சம்.

நாங்கள் ஒருத்தரும் களவெடுக்கேல்லை தம்பி.

---

லாப்பெடியன்:

ஒரு ஆய்வுகூடத்தில வேலை செய்யிறன், எது எண்டு கேக்காதேங்கோ.

முதல்ல ஒரு சிக்கலை எடுத்துவிடுறன். டிஜிட்டல் அடையாள அட்டைக்கு எடுக்கப்போறது முகம், கைவிரல், கண்மணி. டி.என்.ஏ அதில இல்லை. இது வேற, குற்றவாளியளின்ர டி.என்.ஏ வங்கி வேற, அம்மா குடுக்க நினைக்கிறது வேற. எல்லாத்தையும் ஒரே சட்டிக்குள்ள போட்டுக் கிண்டினா ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்காது. தம்பி பயப்பிடுறது இந்த மூண்டும் ஒரு நாள் ஒண்டாச் சேரும் எண்டு. அது அர்த்தமில்லாத பயம் எண்டு நான் சொல்லமாட்டன்.

இப்ப வேலை நடக்கிற விதம். எங்கட டி.என்.ஏயில சில இடங்களில ஒரு சின்னத் துண்டு திரும்பத் திரும்ப வரும், றெயில் பெட்டி கோத்த மாதிரி. ஒரு இடத்தில உங்களுக்கு 12 பெட்டியும் 15 பெட்டியும் இருக்கும். ஒண்டு அம்மாவிட்ட இருந்து வந்தது, மற்றது அப்பாவிட்ட இருந்து. அமெரிக்காவில முந்தி 13 இடம் பாத்தவை, 2017 இலயிருந்து 20 இடம். அந்த இலக்கங்கள்தான் 'புரொபைல்'. ஒரு துண்டுப் பேப்பரில அடங்கும். அதை வைச்சு உங்களுக்குச் சீனி வருத்தம் வருமோ எண்டு சொல்லேலாது. ஆனா இலக்கம் எடுத்தாப் பிறகு குழாயில மிச்ச இரத்தம் கிடக்கும். முழுப் புத்தகமும் கிடக்கிறது அதுக்குள்ள. அதால அக்கா, 'இலக்கத்தை என்ன செய்வியள்' எண்டு மட்டும் கேக்காதேங்கோ. 'மிச்ச இரத்தத்தை என்ன செய்வியள், எப்ப அழிப்பியள்' எண்டு கேளுங்கோ. இதை ஆக்கள் கேக்கிறது குறைவு.

காணாமப்போன ஆளின்ர எலும்போட ஒப்பிட, தாய் தகப்பன், பெத்த பிள்ளை, இவைதான் முதல் தரம். கூடப்பிறந்தவை அதுக்கு அடுத்தது. மாமா, சித்தப்பா எண்டு தள்ளத் தள்ள கணக்கு மங்கிப்போகும். தாய்வழியா மட்டும் வாற இன்னொரு டி.என்.ஏ இருக்கு, மைட்டோகொண்ட்ரியா எண்டு. எலும்பு பழசாகி மற்றது கெட்டுப்போனாலும் அது சில வேளை கிடைக்கும். ஆனா அதை அம்மாவின்ர சகோதரியளும் அவையின்ர பிள்ளையளும் பங்குபோடுவினம். அதால தனிய அதை வைச்சு இவர்தான் எண்டு முடிவு கட்டேலாது. எங்கட வெக்கைக்கும் ஈரமண்ணுக்கும் எலும்பு பொதுவா நல்லாத் தாக்குப்பிடிக்காது. பல்லும் தொடை எலும்பும்தான் நம்பிக்கை.

வயசைச் சொல்லுறன் எண்டு குறை நினைக்கவேண்டாம். 76 எண்டா இந்தக் கேள்வியை அஞ்சு வருசத்துக்குத் தள்ளிப்போடேலாது.

நேர்கோடு அண்ணை சொன்ன கொட்டதெனியாவ கேஸில ஒண்டைக் கவனியுங்கோ. ஒருத்தன் மாட்டுப்பட்டா அவன்ர சகோதரனையும் தேடலாம். சுவிஸ் தம்பி சொல்லுறதும் அதுதானே.

---

கொக்குவில் கிழவன்:

லாப்பெடியன் தம்பி வடிவா விளங்கப்படுத்தினீர். ஆனா லாப் எண்டா பொய் சொல்லாதோ? மன்னாரில சதொச கடை வளவில 2018 இல தோண்டத் தொடங்கி 300க்கு மேல எலும்புக்கூடு எடுத்தவை. கார்பன் சோதனைக்கு ஆறு துண்டு புளோரிடாவுக்குப் போய், 1404 க்கும் 1635 க்கும் இடைப்பட்டது எண்டு வந்தது. சனம் இண்டைக்கும் அதை நம்பேல்லை.

---

லாப்பெடியன்:

ஐயா, லாப் பொய் சொல்லாது, ஆனா பிழை விடும். லாப்புக்கு வாற பொதியிலையும் பிழை இருக்கும். 2019 ஏப்ரலில, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்காரரின்ர ஆக்கள் நிண்ட சாய்ந்தமருது வீட்டில குண்டு வெடிச்சாப் பிறகு, அதில ஒரு பெண் செத்தவவோ தப்பினவவோ எண்டு பாக்க மூண்டு தரம் சோதிச்சவை. இரண்டு தரம் தாயோட பொருந்தேல்லை. மூண்டாந்தரம் பொருந்தினது எண்டு 2023 இல அறிவிச்சினம். முந்தி எடுத்த துண்டுகள் அவவின்ரயா இல்லாமலிருக்கலாம். அப்பிடி நடக்கிறதுதான். ஆனா சனத்துக்கு அதை ஒருத்தரும் ஆறுதலா இருந்து விளங்கப்படுத்திறேல்லை. எனக்குக் கோவம் வாறது அந்த இடத்திலதான்.

மன்னாருக்கும் அதேதான். முடிவு சரியாயும் இருக்கலாம். ஆனா எந்த எலும்பை எடுத்தது, ஆர் தெரிஞ்செடுத்தது, ஆர் பொதி கட்டினது எண்டு சனத்துக்கு முன்னால வைச்சுக் காட்டியிருந்தா இண்டைக்கு நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டியள்.

---

ஈஸ்ட்ஹாம் இடியப்பம்:

எனக்கு நடந்ததைச் சொல்லுறன். 2006, எனக்கு 19 வயசு. ஹைஸ்ட்ரீட்டில எங்கட பெடியளுக்கிடையில தள்ளுமுள்ளு. நான் விலக்குப் பிடிக்கப் போனவன், சத்தியமா! எல்லாரையும் சேத்து வானில ஏத்தினாங்கள். வாயைத் திறக்கச் சொல்லி, பஞ்சுக் குச்சியைக் கன்னத்துக்குள்ள விட்டு இரண்டு உரஞ்சல். அவ்வளவுதான். வழக்குமில்லை ஒண்டுமில்லை, காலமை வீட்டை விட்டிட்டாங்கள். டி.என்.ஏ மட்டும் திரும்பி வரேல்லை.

இங்கிலாந்தில 1995 இல தொடங்கின வங்கி. உலகத்தில முதலாவது. 2001 இல சட்டத்தை மாத்தினாப் பிறகு வழக்கில வெண்டாலும் டி.என்.ஏயை அழிக்கமாட்டாங்கள். பிறகு 11 வயசில பிடிபட்ட ஒரு பெடியனும் மார்ப்பர் எண்ட ஆளும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போனவை. 2008 டிசம்பர் 4 தீர்ப்பு: குற்றமில்லாதவன்ர டி.என்.ஏயை இப்பிடிக் கணக்கில்லாமல் வைச்சிருக்கிறது பிழை. 2012 இல புதுச் சட்டம் வந்து 17 லட்சத்துக்கு மேல புரொபைல் அழிச்சாங்கள். என்ரயும் அதுக்குள்ள போயிருக்கும் எண்டு நம்புறன். 'நம்புறன்' எண்டுதான் சொல்லேலும்.

கோடும் சட்டமும் ஒழுங்கா இருக்கிற நாட்டிலேயே அதைத் திருத்த 11 வருசம் எடுத்தது.

---

மயிலாப்பூர் வாசகன்:

சென்னையிலிருந்து எழுதுகிறேன். அக்கா, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம்.

எங்கள் நாட்டுக் கதையும் உங்களுக்கு உதவலாம். டி.என்.ஏ மசோதா 2019 ஜனவரியில் மக்களவையில் நிறைவேறியது, பிறகு காலாவதியானது. மறுபடி கொண்டுவந்தார்கள், நிலைக்குழுவுக்குப் போனது, 2023 ஜூலையில் திரும்பப் பெற்றார்கள். சரி, ஒழிந்தது என்று நிம்மதியாக இருக்க முடியவில்லை. அதற்கு முன்பே 2022இல் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் வந்துவிட்டது. கைதானவர்களின் உயிரியல் மாதிரி வரைக்கும் எடுக்கலாம், பதிவை 75 வருஷம் வைத்திருக்கலாம். முன்வாசலை மூடிவிட்டுக் கொல்லைப்பக்கம் திறந்து வைத்த கதை. ஆனால் 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பு சொல்லியிருப்பதால், வழக்குப் போடக் காலூன்ற ஒரு இடமாவது இருக்கிறது. இலங்கையில் அப்படி ஏதாவது உண்டா?

---

கறுப்புக்கோட்டு:

மயிலாப்பூர் அண்ணாவின் கேள்விக்கே வாறன். எங்கட 1978 அரசியலமைப்பில அடிப்படை உரிமை அத்தியாயத்தில அந்தரங்கத்துக்கெண்டு தனி உறுப்புரை இல்லை. 2015 இல 19ஆம் திருத்தத்தோட தகவல் அறியும் உரிமை வந்தது. அந்தரங்கம் அப்பவும் வரேல்லை.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. மரபணுத் தரவை அது விசேட வகையா வைச்சிருக்கு, அது நல்லது. ஆனா தேசிய பாதுகாப்பு, குற்றப் புலனாய்வு எண்டு வரேக்க விலக்கு இருக்கு. அவசியமாயும் அளவோடையும் இருக்கவேணும் எண்ட நிபந்தனையும் சேத்துத்தான் எழுதியிருக்கு. எது அளவு எண்டு ஆர் சொல்லுறது? அதைவிட, 2025 மார்ச்சில அமலுக்கு வர இருந்த பகுதியளையே தள்ளிப்போட்டவை. குடை வாங்கியாச்சு, அப்ப விரிக்கேல்லை.

குற்ற வழக்கில உங்களைச் சந்தேகத்தில பிடிச்சா, 1979 குற்றவியல் நடைமுறைச் சட்டக்கோவையின்படி மருத்துவப் பரிசோதனைக்கு உங்கட சம்மதம் வேணும், இல்லாட்டி நீதவானின்ர உத்தரவு வேணும். பயங்கரவாதத் தடைச்சட்டம் இருக்கிற நாட்டில 'சம்மதம்' எண்ட சொல்லுக்கு என்ன பெறுமதி எண்டு இந்த இழையில இருக்கிற வயசானாக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அக்காவின்ர விசயத்துக்கு வாறன். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால வந்தது. நம்பிக்கையில குடுக்கிற தகவலை இரகசியமா வைச்சிருக்க அதில ஏற்பாடு இருக்கு. ஆனா 2017 பெப்ரவரி 20 தொடக்கம் கிளிநொச்சியில றோட்டில குந்தியிருந்த தாய்மாரிட்டக் கேளுங்கோ, அந்த அலுவலகத்தில அவைக்கு எவ்வளவு நம்பிக்கை எண்டு. சட்டத்தில எழுதியிருக்கிறதுக்கும் அவை சொல்லுறதுக்கும் இடையில இருக்கிற தூரத்தைத்தான் உங்கட தம்பி சுவிஸில இருந்து பாக்கிறான்.

என்ர எண்ணம்: குடுங்கோ, ஆனா வெறுங்கையோட திரும்பி வராதேங்கோ. எந்த வழக்குக்கு, எந்த நீதவானின்ர உத்தரவில, ஆர் எடுக்கினம், எந்த ஆய்வுகூடத்துக்குப் போகுது, காணாமப்போனவையைத் தேடுறதைத் தவிர வேற ஒரு வேலைக்கும் பாவிக்கமாட்டம், வேலை முடிய அழிப்பம் எண்டு தமிழில எழுதி, கையெழுத்தும் சீலும் வைச்ச பேப்பர். தரமாட்டம் எண்டு சொன்னா, அந்த மறுமொழியையும் எழுத்தில கேளுங்கோ. உங்கட பக்கத்தில ஒரு சட்டத்தரணி நிண்டா நல்லது.

---

ரொறொன்ரோ மாமி:

பிள்ளையள் எல்லாரும் பெரிய பெரிய கதை கதைக்கிறியள். நான் ஒண்டு சொல்லட்டே? வெள்ளைக்காரன்ர எம்பசி கேட்டா நாங்கள் வரிசையில நிண்டு குடுத்தனாங்கள்.

2003 இல அம்மாவையும் தங்கச்சியையும் ஸ்பொன்சர் செய்ய வெளிக்கிட்டம். இடம்பெயர்ந்ததில தங்கச்சியின்ர பிறப்புப் பதிவெல்லாம் போட்டுது. அம்மாவின்ர பிள்ளை எண்டு நிரூபி எண்டாங்கள். அம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய், லொட்ஜில நிண்டு, டொக்டர் வாய்க்குள்ள பஞ்சு விட்டு எடுத்து, எங்களுக்கு முன்னால உறையில போட்டு ஒட்டினவர். அம்மா கேட்டது ஒண்டே ஒண்டு, "தம்பி, இதுக்குப் பிறகு தேத்தண்ணி குடிக்கலாமோ?" அந்த டி.என்.ஏ இப்ப எங்கை கிடக்குதெண்டு எனக்கும் தெரியாது. ஒருத்தரும் கேக்கேல்லை. வீசா வந்தது, வாயை மூடிக்கொண்டு சந்தோசப்பட்டம்.

பிறகு போன வருசம் பேரன் எனக்கு ஒரு கிட் வாங்கித் தந்தான், துப்பி அனுப்புறது. அனுப்பினன். நோர்வேயில ஒரு பிள்ளை எனக்கு மிகக் கிட்டின சொந்தம் எண்டு வந்தது. எங்கட ஆக்களுக்குள்ள ஒருத்தருக்கும் தெரியாத பிள்ளை. செத்துப்போன ஒரு மனுசனின்ர பேரை நான் இஞ்சை எழுதமாட்டன். அவரின்ர மனிசி இன்னும் உயிரோட இருக்கிறா, சுன்னாகத்தில. நானும் பேரனும் அந்தக் கணக்கை அழிச்சுப்போட்டு வாயைத் திறக்காமல் இருக்கிறம். அழிச்சா அழிஞ்சிடுமோ எண்டும் தெரியேல்லை.

---

கொக்குவில் கிழவன்:

மாமி சொன்னதுதான் என்ர அடுத்த பயம். எங்கட ஊரில டி.என்.ஏ றிப்போட் வெளியில கசிஞ்சா அதை முதல்ல வாங்கப்போறது சிஐடி இல்லை, கலியாணப் புறோக்கர். சாதகக் குறிப்போட அதையும் பின் பண்ணிக் குடுப்பினம். சாதி பாக்கிறதுக்கு வெள்ளைக்காரன் மெசின் கண்டுபிடிச்சிட்டான் எண்டு நம்புற ஆக்கள் எங்கட ஒழுங்கையிலேயே நாலு பேர் இருக்கினம்.

---

லாப்பெடியன்:

சிரிப்பு வருது ஐயா, ஆனா பகிடி இல்லை. அமெரிக்காவில மாமி சொன்ன மாதிரி துப்பி அனுப்புற கிட் விக்கிற 23அண்ட்மீ எண்ட கொம்பனியில 2023 இல 69 லட்சம் பேரின்ர விபரம் களவு போனது, 2025 மார்ச்சில கொம்பனியே வங்குரோத்துக்குப் போனது. அப்பதான் சனம் யோசிச்சது, கொம்பனி விலைப்பட்டா எங்கட டி.என்.ஏயும் சேர்ந்து விலைப்படுமோ எண்டு.

2018 இல கலிபோர்னியாவில பழைய கொலைகாரன் ஒருத்தனைப் பிடிச்சது அவன்ர டி.என்.ஏ எங்கையும் இருந்ததால இல்லை. தூரத்துச் சொந்தக்காரர் ஒரு பரம்பரைத் தேடல் தளத்தில தங்கட டி.என்.ஏயைப் போட்டிருந்தவை. அங்கையிருந்து கிளை கிளையா இறங்கி வந்தவை. கொலைகாரன் பிடிபட்டது நல்லதுதான். ஆனா தம்பி சுவிஸில இருந்துகொண்டு அம்மாவின்ர இரத்தத்துக்குப் பயப்பிடுறது விசர்க்கதை இல்லை எண்டு காட்டத்தான் சொல்லுறன்.

---

குவைத்தால வந்தவன்:

நான் அப்ப குவைத்தில. 2015 ஜூனில பள்ளிவாசலில குண்டு வெடிச்சு 27 பேர் செத்தவை. அடுத்த மாசமே சட்டம்: குடிமக்கள், வேலைக்கு வந்தவை, சுத்திப்பாக்க வந்தவை, எல்லாரும் டி.என்.ஏ குடுக்கோணும். மறுத்தா ஒரு வருச மறியலும் 10,000 தினார் தண்டமும். எங்கட காம்பில ஒரு றூமில எட்டுப் பேர். ஒருத்தரும் எதிர்த்துக் கதைக்கேல்லை. எங்கட கவலை, அதுக்கு லீவு தருவாங்களோ, சம்பளத்தில வெட்டுவாங்களோ எண்டுதான். எதிர்த்தது குவைத்திக்காரர். கடைசியில 2017 ஒக்டோபரில அவங்கட அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிஞ்சது.

பிறத்தியான்ர நாட்டில நிண்டதால, கேட்டா குடுத்திருப்பன். ஊரில கேட்டாத்தான் யோசிப்பன். ஏன் எண்டு எனக்கே விளங்கேல்லை.

---

நேர்கோடு:

எல்லாரும் என்னைப் போட்டு உரிக்கிறியள். சரி, களவெடுக்காதவன் கதையைத் திருப்பி எடுக்கிறன். கிழவன் ஐயா, உங்கட படத்துக் கதையை வாசிச்சாப் பிறகு அதைச் சொல்ல வாய் வரேல்லை.

ஆனா ஒண்டு கேக்கிறன். செம்மணியில 200க்கு மேல எலும்புக்கூடு. அரசாங்கத்தை நம்பேலாது, இரத்தம் குடுக்கமாட்டம் எண்டு எல்லாரும் இருந்தா, அவை பேரில்லாமலே கிடக்கவேண்டியதுதானோ? பேரில்லாட்டிச் செய்தவனுக்கு எதிரா வழக்கை எப்பிடி நடத்துறது? இரத்தம் குடுக்கிறது எங்களுக்கு மட்டுமோ வேணும்? குடுக்காமல் விட்டா ஆருக்கு லாபம்?

---

கறுப்புக்கோட்டு:

இந்த இழையில வந்த கேள்வியளில மிகச் சரியான கேள்வி இது. எனக்கும் மறுமொழி முழுசாத் தெரியாது. ஆர்ஜென்டினாவைப் பாருங்கோ. 1976 இல இராணுவ ஆட்சி வந்து, பிடிச்சுக்கொண்டு போன கர்ப்பிணியளின்ர பிள்ளையளைக்கூடக் களவெடுத்துக் குடுத்தவை. பேத்தியளையும் பேரன்மாரையும் தேடின பாட்டிமார் தாங்களே போய், பாட்டியின்ர இரத்தத்தை வைச்சுப் பேரப்பிள்ளையைக் கண்டுபிடிக்கேலுமோ எண்டு விஞ்ஞானிமாரைக் கேட்டவை. 1987 இல அதுக்கெண்டே ஒரு மரபணு வங்கி சட்டத்தால வந்தது. 2025 ஜூலையில 140ஆவது பேரப்பிள்ளையைக் கண்டுபிடிச்சினம். அங்கையும் ஒரு நாள் ஆக்களைக் கொண்டுபோன அதே அரசுதான் பிறகு வங்கியை நடத்தினது. ஆனா கேட்டது பாட்டிமார், வாசலில நிண்டு பாத்துக்கொண்டிருந்ததும் பாட்டிமார்.

பொஸ்னியாவிலையும் அப்பிடித்தான். சிரெப்ரெனிட்சாவில கொல்லப்பட்ட 8,000 பேரளவில கிட்டத்தட்ட 7,000 பேருக்கு டி.என்.ஏயால பேர் கிடைச்சது. செய்தது வெளியில இருந்து வந்த சர்வதேச ஆணைக்குழு. குடும்பம் குடுத்த இரத்த மாதிரியில பேர் இருக்காது, ஒரு குறியீட்டு இலக்கம்தான் இருக்கும்.

---

மட்டுறுத்துநர்:

மேல ஒருத்தர் தன்ர தமையனின்ர முழுப்பேரும் பிறந்த திகதியும் விலாசமும் போட்டு, ஆராவது கண்டால் அறிவியுங்கோ எண்டு எழுதியிருந்தார். மனசுக்குக் கஷ்டமா இருந்தாலும் எடுத்திட்டன். தனி மடலில தொடர்புகொள்ளுங்கோ.

---

அரியாலைக்காரி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு இந்த இழை முழுக்க அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். கலியாணப் புறோக்கர் கதைக்குச் சிரிச்சா. அவ சிரிச்சுக் கனகாலம்.

லாப்பெடியன் தம்பியிட்ட ஒரு கேள்வி. வாசிச்சு முடிய அம்மா எழும்பிப் போய் சாமியறைத் தட்டிலயிருந்து பழைய பிஸ்கற் ரின்னைக் கொண்டு வந்தா. அதுக்குள்ள ஒரு வெள்ளித் தாயத்து. அண்ணை குழந்தையா இருக்கேக்க அரைஞாணில கட்டியிருந்தது. அதுக்குள்ள அவரின்ர தொப்புள்கொடித் துண்டு, காய்ஞ்சு மிளகு மாதிரி இருக்குமாம். "இது அவன்ர தானே, என்ரயோ தம்பியின்ரயோ இல்லைத்தானே? இதைக் குடுத்தா காணாதோ?" எண்டு கேக்கிறா. இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போகேக்கயும் நகையை விட்டிட்டு இந்த ரின்னைத்தான் தூக்கிக்கொண்டு போனவ.

---

லாப்பெடியன்:

அக்கா, இதை வாசிச்சிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தன்.

ஓம். தொப்புள்கொடியில இருக்கிறது பிள்ளையின்ர டி.என்.ஏ. அதில இருந்து எடுபட்டா எலும்போட நேரடியாவே ஒப்பிடலாம், குடும்பக் கணக்குப் போடத் தேவையில்லை. ஆனா 50 வருசம் பழசு, எடுபடுமோ எண்டு நான் வாக்குத் தரேலாது. மற்றது, அண்ணையின்ர டி.என்.ஏயில பாதி அம்மாவின்ர. தம்பியின்ர பயம் இதாலையும் முழுசாப் போகாது. கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

தாயத்தைத் திறக்காதேங்கோ. கழுவாதேங்கோ, மினுக்காதேங்கோ, சாம்பிராணி காட்டாதேங்கோ. சொப்பின் பையில போட்டா ஈரம் நிண்டு பூஞ்சணம் பிடிக்கும். அதால புதுக் கடதாசி உறையில, கையுறை போட்டு வைச்சு, வெக்கை படாத இடத்தில வையுங்கோ. உறைக்கு மேல பேரும் பிறந்த திகதியும் எழுதுங்கோ. குடுக்கிற அண்டைக்கு அது இருக்கிற மாதிரியே படம் எடுத்து வைச்சிட்டு, கறுப்புக்கோட்டு அண்ணை சொன்ன பேப்பர் கையில வராமல் குடுக்காதேங்கோ. முழுசையும் குடுக்காதேங்கோ, ஒரு துண்டு உங்களிட்ட இருக்கட்டும். வெட்டுறதை ஆய்வுகூடத்தில உங்களுக்கு முன்னால செய்யச் சொல்லுங்கோ.

---

அரியாலைக்காரி:

தம்பியோட இரவு அம்மாவே கதைச்சா. என்ன கதைச்சினம் எண்டு தெரியாது, கதவைச் சாத்திப்போட்டா. காலமை அவன் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தான்: "பேப்பரை முதல்ல எனக்கு அனுப்பு. வாசிச்சுச் சொல்லுறன்." மாட்டன் எண்டு சொல்லேல்லை.

பார்மசியில கையுறையும் பக்கத்துக் கடையில மண்ணிற உறையும் வாங்கி வந்தன். அம்மா ரின்னை மடியில வைச்சுக்கொண்டு கதிரையில இருந்தா. நான் உறையில அண்ணையின்ர பேரை எழுதினன். கீழ 1974 எண்டு தொடங்கிப் பிறந்த திகதியை எழுதினன். கை பழக்கத்தில அதுக்குப் பக்கத்தில ஒரு சின்னக் கோடு போடப் போனன், செத்தவையின்ர அந்திரட்டி நோட்டிசில போடுற மாதிரி.

அம்மா பேனையைப் பிடிச்சிட்டா. "அது வேண்டாம். அதை அவை சொல்லட்டும்."